தோட்டத்து ஊரில் உளவியல் திகில் படம்: தடுமாறும் எழுத்தாளர் கதையை எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கையில் ஒரு கேமரா, கூட நாலு கூட்டாளிகள், இரண்டு வார விடுமுறை. இவ்வளவு கிடைத்தால் நம் பக்கத்துப் பையன்கள் முதலில் எடுக்க நினைப்பது பேய்ப்படம்தான். செம்பனைத் தோட்டத்துக்குள் வெள்ளைச் சேலை, நாய் ஊளை, கடைசியில் பூசாரி. அதே காசில், அதே செம்பனையில், பார்ப்பவருக்குத் தன் நினைவின் மீதே சந்தேகம் வரும்படி ஒரு படம் எடுக்க முடியும். அதற்கு வேண்டியது மனம் தடுமாறிய ஓர் எழுத்தாளர், ஒரு மேசை, ஓர் அறை, அப்புறம் நம் ஊர்.

நான் சொல்லும் ஊர் மலேசியாவில் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007-க்கு முன்னால் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். சுங்கை சிப்புட், பீடோர், பாடாங் செராய் என்று வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சுற்றிலும் தோட்டம், நடுவில் நாலு வரிசைக் கடை, ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்று. இது போதும்.

படி 1: அவருக்கு என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

“மனநிலை சரியில்லாத எழுத்தாளர்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனால், நடிகர் கண்ணை உருட்டுவார், தலையைப் பிய்த்துக்கொள்வார், கண்ணாடியை உடைப்பார். அவர் மேல் தப்பில்லை. என்ன செய்வது என்று நீங்கள் சொல்லவில்லையே.

ஒவ்வொரு தடுமாற்றமும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். மனச்சிதைவு உள்ளவருக்கு அதிகமாக வருவது குரல்கள்; உருவங்கள் அவ்வளவு இல்லை. நாள்கணக்கில் தூங்காதவருக்கு ஓரக்கண்ணில் ஏதோ நகரும், கொஞ்ச நேரம் எங்கே இருந்தோம் என்பதே தெரியாது. பாதித் தூக்கத்தில் உடம்பு அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல வருமே, நம் வீடுகளில் அமுக்குவான் என்பார்கள், அது தூக்கம் சார்ந்தது. நோய் இல்லாதவர்களுக்கும் வரும்.

தோட்டத்து ஊர்க் கதைக்கு நான் எடுப்பது குடி. சம்சு என்ற மலிவுச் சாராயம் பல வீடுகளை அழித்த ஊர்கள் இவை, அதனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமும் கதைக்கு ஒத்துழைக்கும். நிறையக் குடித்த இரவில் செய்த காரியம் மறுநாள் நினைவிலேயே இருக்காது. மறந்துபோனது என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் மூளை அதைப் பதிவு செய்யவே இல்லை. அடுத்து, பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆபத்து வரும். கை நடுக்கம், வியர்வை, நேரம் இடம் குழம்புதல், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தோன்றுதல். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஆகவே நாவலை முடிப்பதற்காகக் குடியை விட்டவர் என்று ஒரு மனிதரைப் படைத்தால் படத்தின் நாட்காட்டி தானாக அமைந்துவிடும். நல்லது செய்யப் போய்த்தான் அவருக்கு ஆபத்து வருகிறது. எனக்கு இந்த முரண் பிடித்திருக்கிறது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பேராக்கில் உலு கிந்தாவில் இருக்கும் பகாகியா மருத்துவமனை 1911 முதல் இயங்குகிறது. அது இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரையே நம் ஆட்கள் கிண்டலாக ஆக்கிவிட்டார்கள். “உன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்பதைக் கேட்காமல் யாரும் இங்கே வளர்ந்திருக்க மாட்டோம். அந்த வசனத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயில் வையுங்கள், ஊர் அப்படித்தான் பேசும். படம் அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது. இன்னொன்று, கதை நடக்கும் ஆண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய கதை என்றால், அப்படி ஒரு காட்சிக்குப் பிறகு ஆம்புலன்ஸோடு போலீஸும் வரும், குடும்பம் விஷயத்தை மறைக்கப் பார்க்கும். ஆண்டை மாற்றினால் காட்சியே மாறிவிடும்.

படி 2: அவரால் எதை நிரூபிக்க முடியாது?

இந்த வழிகாட்டியில் இந்தப் படிதான் கனமானது. மற்றதை வேகமாகப் படித்தாலும் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

தடுமாறும் எழுத்தாளரைப் பற்றி வெளிநாட்டில் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. பனியில் மாட்டிய விடுதி, ஏரிக்கரை வீடு, தனிமை. நம் ஊரில் தனிமை ஏது? கதவைச் சாத்தினால் சன்னல் வழியாக “என்ன வாத்தியாரே, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். தனிமையை வைத்துத் திகில் செய்யப் பார்த்தால் இங்கே ஒட்டாது. நம்மிடம் வேறொன்று இருக்கிறது. ஒருவர் பிறந்து வளர்ந்த இடம், அவர் உயிரோடு இருக்கும்போதே தடயமில்லாமல் போய்விடுவது.

செம்பனைக்கு ஏறக்குறைய 25 ஆண்டு ஆயுள். அப்புறம் மரத்தைச் சாய்த்து மறுநடவு. கித்தா என்கிற ரப்பர் மரத்துக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். கித்தாவை அழித்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையை அழித்து மறுபடி செம்பனை. சில இடத்தில் வீடமைப்பு வந்தது. இந்தச் சுற்றில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் போயின, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை போயிற்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் போயிற்று, கோயில்கூட இடம் மாறியது. அறுபது வயது மனிதர் ஒருவர், “நான் இங்கேதான் பிறந்தேன்” என்று ஓர் இடத்தைக் காட்டினால், அங்கே இருப்பது வரிசையாக நட்ட மரம். அவர் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல ஒரு செங்கல்கூட இல்லை.

நம் மாவட்டத்தின் வரலாறே இதற்கு ஒத்துவருகிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. காப்பி சரியாக வராத நிலத்தில் செம்பனை வைத்தவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் ஒரு நாவலாசிரியரும்கூட. இந்த மண்ணை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்துரை எழுதிய புத்தகம் உலகத்துக்குத் தெரிந்தது. அதே தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து யாராவது எழுதியிருந்தால் அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கும்? உங்கள் கதாநாயகன் இரவில் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுவாக இருக்கலாம்.

எழுத்தாளருக்கு இன்னொரு சாட்சியும் போய்விட்டது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றது. தோட்டத்து ஆட்கள் பலரும் முதன்முதலாகத் தங்கள் பெயரை அச்சில் பார்த்தது நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில். வெட்டி வைத்த தாளைக் கரையான் தின்றிருந்தால், “என் கதை வந்தது” என்பதும் அவர் வாய்ச்சொல் மட்டுமே. தேசிய நூலகத்துக்குப் போய்த் தேடலாமே என்று யாராவது கேட்பார்கள். போகட்டும், படத்தின் நடுப்பகுதிக்கு அருமையான பயணம் அது. எந்த மாதம் வந்தது என்று அவருக்கே நினைவில்லை என்று வையுங்கள்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு கதை சொல்கிறேன், மாதிரிக்கு. நம்ம ஆள் அறுபது வயதுக்காரர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஊரில் எல்லோருக்கும் வாத்தியார். தாமான் ஓரத்து வீட்டில் தனியாக இருக்கிறார். தன் தோட்டத்தைப் பற்றி நாவல் எழுதுகிறார், முதலில் குடித்துக்கொண்டே, பிறகு அதை முடிப்பதற்காகக் குடியை நிறுத்திவிட்டு. எட்டு வயதில் பார்த்த ஓர் இரவு அதன் மையம்: ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கிணறு, சுற்றி ஆண்கள், கையில் அரிக்கேன் விளக்கு, யாரும் பேசவில்லை. இந்த அத்தியாயத்தை எழுதி நாலு பேரிடம் காட்டுகிறார். நாலு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள், நம் தோட்டத்தில் கிணறே கிடையாது. இதற்கிடையில் காலையில் எழுந்து பார்த்தால் மேசையில் தாள்கள். அவர் கையெழுத்துதான். எழுதிய நினைவு இல்லை. அதில் ஒரு சின்னப் பெண் வருகிறாள். அவருடைய நாவலில் அப்படி யாரும் கிடையாது.

தீர்வு என்ன? ஊரார் பொய் சொல்கிறார்கள் என்று முடித்தால் அது சாதாரணத் துப்பறியும் கதை. எல்லாம் அவர் கற்பனை என்று முடித்தால் பார்ப்பவருக்கு ஏமாந்த மாதிரி இருக்கும். நான் முடிப்பது இப்படி: கிணறு இருந்தது, ஆனால் வேறு தோட்டத்தில். அக்காலத்தில் குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவது சகஜம். அவருடைய அப்பா அம்மாவும் அந்த இரவுக்குப் பிறகுதான் இங்கே வந்தார்கள். கிணற்றில் விழுந்தது அவருடைய தங்கை. வீட்டில் அதற்குப் பின் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. எட்டு வயது மூளை இரண்டு தோட்டத்தையும் ஒன்றாக்கி, தங்கையை மட்டும் வெளியே விட்டுவிட்டது. குடித்த இரவுகளில் அந்தக் கை அவளைப் பற்றி எழுதுகிறது. கடைசியில் பார்த்தால் ஊரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் காணாமல் போனது எது என்று பாருங்கள். ஒரு பள்ளிக்கூடமாக இருக்கலாம், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு 1942-43-இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தாத்தாவாக இருக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள்.

படி 3: சுவரில் ஓர் அட்டவணை

வசனம் எழுதுமுன் பெரிய தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் உண்மையில் நடந்தது. இரண்டாவதில் அவர் நடந்ததாக நினைப்பது. மூன்றாவதில் அந்த நிமிடம் பார்வையாளர் எதை நம்புகிறார் என்பது. ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று கட்டத்தையும் நிரப்புங்கள். நிரப்ப முடியாத காட்சி இருந்தால் அந்தக் காட்சி உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள்.

கூடவே ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை மீறாதீர்கள். என் விதி இது: அவர் தனியாக இருக்கும் காட்சியில் எதுவும் பொய்யாக இருக்கலாம், இரண்டாவது மனிதர் ஒருவர் அறைக்குள் வந்துவிட்டால் அந்தக் காட்சியில் வருவது எல்லாம் உண்மை. பார்வையாளருக்கு இதைச் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை பார்க்கும்போது அவரே கண்டுபிடிப்பார், அப்போதுதான் படத்தின் மேல் மரியாதை வரும்.

படி 4: எழுதுவதை எப்படிப் படமாக்குவது?

எழுதுவது பார்ப்பதற்குச் சலிப்பான வேலை. பேனாவைக் கடிப்பது, தாளைக் கசக்கி எறிவது, கூரையைப் பார்ப்பது என்று மூன்றையும் முதல் நாளே தடை செய்யுங்கள். எழுதியதை இன்னொருவர் படிக்கும்போதுதான் காட்சிக்கு உயிர் வரும். ஆகவே கையெழுத்துப் பிரதி ஊருக்குள் நடமாட வேண்டும். முடிதிருத்துபவர் படிக்கட்டும், பழைய மாணவி படிக்கட்டும். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நிறுத்துவார்கள்.

கிணற்றுச் சந்தேகம் முதலில் வரும் காட்சியை நான் இப்படி எழுதுவேன். ஒட்டுக்கடை என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடை, காலை நேரம். எண்பது வயதுப் பெரியம்மா ரொட்டி சானாயைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டிருக்கிறார்.

“பெரியம்மா, ஆயாக் கொட்டாய்க்குப் பின்னால ஒரு கெணறு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“கெணறா? அங்க ஏதுப்பா கெணறு? பைப்புதான். ஆறு வீட்டுக்கு ஒரு பைப்பு. தண்ணிக்கு நான் போடாத சண்டையா?”

“இல்ல பெரியம்மா. சிமிட்டி போட்ட கெணறு. செவுரு ஒரு பக்கம் ஒடஞ்சிருக்கும்.”

பெரியம்மா அவர் முகத்தையே பார்க்கிறார். கையில் இருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைக்கிறார்.

“தம்பி, நீ மொதல்ல பசியாறிட்டியா?”

இங்கே இசை வேண்டாம். பெரியம்மா பயப்படவில்லை, வாதம் செய்யவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். தன்னை நோயாளியாகப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு அந்தக் கேள்வியில்தான் முதலில் உறைக்கும். பெரியம்மாவாக நடிப்பவர் இரக்கத்தைக் கூட்டாமல் சொல்ல வேண்டும், வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி.

தாள்களைத் தயாரிப்பதில் சோம்பல் பட்டால் படம் படுத்துவிடும். ஒரே பக்கத்தைப் பல பிரதிகளாக எழுதி வையுங்கள், ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது தாள் கசங்கும், கிழியும். எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுத வேண்டும். முடிந்தால் நடிகரே எழுதட்டும், எழுதும் கையை நெருக்கத்தில் காட்டும்போது வேறு கை தேட வேண்டியிருக்காது. பழைய தாளுக்கு ஆறிய கட்டங்காப்பியில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டுவிடும்.

நிதானத்தில் எழுதிய பக்கமும் குடியில் எழுதிய பக்கமும் வேறுபட வேண்டும், ஆனால் ஒரே கையெழுத்தாகத் தெரிய வேண்டும். எழுத்தின் உருவத்தை மாற்றாதீர்கள், அழுத்தத்தை மாற்றுங்கள். குடியில் எழுதியபோது பந்துமுனைப் பேனா ஆழமாகப் பதிந்திருக்கட்டும், சில ‘ர’கரங்களுக்குக் கால் தாளைக் கிழித்திருக்கட்டும், வரி போகப் போக வலப்பக்கம் கீழே சரியட்டும். மேசைவிளக்கைத் தாளுக்குச் சமமாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் அந்தப் பள்ளங்கள் கேமராவில் நிழலாக எழும். இதை வைத்தே ஒரு காட்சி கிடைக்கிறது. ஒரு காலையில் மேசையில் தாள் இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் அல்லது அவரே கிழித்துவிட்டார். அடியில் இருந்த வெற்றுத்தாளைப் பென்சிலால் மெதுவாகத் தேய்க்கிறார். துப்பறியும் கதைகளில் அரதப் பழசான உத்திதான். தன்னையே துப்பறிகிறவர் செய்யும்போது மனதைத் தைக்கும். தேய்த்தபின் எழும் முதல் சொல் ஒரு பெண் குழந்தையின் பெயர்.

படி 5: அனுமதி

தோட்டம் தனியார் சொத்து. நமக்குத் தெரிந்த இடம்தானே, சின்ன வயதில் மீன் பிடித்த இடம்தானே என்று உள்ளே போகாதீர்கள். நிர்வாகிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்: எத்தனை பேர், எந்தப் பகுதி, எந்த நேரம், என்ன சாமான். தோட்டம் பெரிய நிறுவனத்துடையது என்றால் கடிதம் தலைமை அலுவலகம் வரை போய்வரும், அதற்கு நேரம் விடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று வாசலில் இருக்கும் ஜாகாவிடமும் (காவலாளி) இருக்கட்டும்.

முறையான தயாரிப்பு என்றால் ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் தயாரிப்பு உரிமம் வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கழகம் அது. உரிமம் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து எடுப்பது புதியவர்களுக்குச் சுலபம். டிரோன் பறக்கவிட மலேசியச் சிவில் வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன, முன்கூட்டியே விசாரியுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் படத்துக்கு டிரோனே வேண்டாம். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும், நமக்குத் தேவை தெளிவு இல்லாமை.

கோயிலில் எடுப்பதாக இருந்தால் நிர்வாகக் குழுவிடம் கதையைச் சொல்லியே கேளுங்கள். இப்போது தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களைக் கேட்காமல் படத்துக்குள் கொண்டுவராதீர்கள். கதைக்கும் அவர்கள் தேவைப்படலாம், தன் தோட்டத்தைத் தேடிப் போகும் வாத்தியாருக்கு அங்கே தமிழில் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது எவ்வளவு பெரிய காட்சி!

பாதுகாப்பு: எல்லோருக்கும் முழங்கால் அளவு பூட்ஸ். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள், எலி அங்கே இருக்கும், எலியைத் தேடி நாகமும் இருக்கும். காட்சி அழகாக இருக்கிறது என்று மட்டைக் குவியலின் மேல் நடிகரை ஏற்றாதீர்கள். பழம் வெட்டும் பகுதிக்கும் கிட்டே போக வேண்டாம், ஒரு குலை தலையில் விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது.

படி 6: வெளிச்சமும் செம்பனையும்

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் நமக்குக் காலை ஏழு மணிக்கு மேல்தான் சூரியன். பழைய தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்பது இருட்டில். நினைவுக் காட்சிகளில் மைக்கா விளக்கோ அரிக்கேனோ இல்லாமல் விடியலைக் காட்டினால் வயதானவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் அந்தி நேரமும் குறுகியது, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மங்கிய நீல வெளிச்சத்தில் ஒரு காட்சி வேண்டும் என்றால் ஒத்திகையை முன்பே முடித்துவிட்டுத் தயாராக நில்லுங்கள், ஒரு நாளைக்கு ஒரு காட்சிதான் கிடைக்கும்.

முற்றிய செம்பனைக்குள் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு, அதுவும் பச்சையாக விழும். முகம் நோயாளி முகம் போலாகும். வெள்ளைப் பாலிஸ்டைரின் பலகை ஒன்றால் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தைச் சரி செய்யலாம். இல்லையென்றால் பச்சையையே பயன்படுத்துங்கள்: நிகழ்காலம் பச்சை, கிணற்று இரவு மஞ்சள், இரண்டும் கலக்கும் இடத்தில் பார்வையாளர் குழம்பட்டும்.

செம்பனையில் ஒளிந்திருக்கும் பெரிய வசதி ஒன்று சொல்கிறேன். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவது வழக்கம். அதனால் ஓர் இடத்தில் நின்று கேமராவை அறுபது பாகை திருப்பினால் ஏறக்குறைய அதே வரிசை மறுபடி தெரியும். அவரை ஒரு வரிசையில் நடந்துபோக விடுங்கள், சட்டகத்தை விட்டு வெளியேறட்டும், கேமராவைத் திருப்பி அதே இடத்தில் அவர் உள்ளே வருவதாக எடுங்கள். மூன்று முறை செய்தால் வழி தவறிய மனிதர் கிடைத்துவிடுவார். காசு செலவில்லை, கணினி வேலையும் இல்லை.

கித்தாக்காடு வேண்டுமென்றால் சிறுதோட்டக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை சிவந்து உதிரும். அந்தச் சில வாரத்தில் நம் நாட்டில் இலையுதிர்காலம் மாதிரி ஒன்று தெரியும். நினைவுக் காட்சிகளை அதற்கென்று ஒதுக்கி வைத்து எடுப்பது நல்லது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அதிகம். வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலேயே முடியுங்கள்.

உள்ளே எடுக்கும்போது ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 சட்டகம் வைத்து எடுத்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு, அதாவது 172.8 பாகைக்கு வையுங்கள். அப்படி வைக்காவிட்டால் வீட்டுக் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் திரையில் துடிக்கும். துடிப்பது பயமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது தப்பாகத்தான் தெரியும்.

படி 7: ஒலி

படத்தை நண்பர் போனில் எடுத்தாலும் பரவாயில்லை, ஒலிக்கு ஒருவரைத் தனியாக வையுங்கள். உளவியல் திகிலில் பாதி வேலை காதில் நடக்கிறது, அதற்கான சத்தம் எல்லாம் தோட்டத்தில் இலவசம்.

எலியைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டங்களில் கூகை வளர்க்கிறார்கள். கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்களே, அது அதற்குத்தான். கூகை அலறுவது இருக்கிறதே, பெண் கத்துவது போல நீளமாக, கரகரப்பாக வரும். பெட்டியை ஒரு முறை பகலில் சாதாரணமாகக் காட்டிவிடுங்கள். இரவில் அலறல் கேட்கும்போது பார்வையாளருக்குக் காரணம் தெரியும், இருந்தாலும் முதுகு சில்லிடும். காய்ந்த மட்டை கீழே விழும் சத்தமும் அப்படித்தான், முதலில் உரசல், கொஞ்சம் அமைதி, அப்புறம் தொப்பென்று.

கித்தாக்காய் முற்றினால் வெயிலில் படீரென்று வெடித்துக் கொட்டைகளைத் தூர எறியும். சின்ன வயதில் அந்தக் கொட்டையைச் சிமிட்டித் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தவர்கள் நாம். வாத்தியாரும் தங்கையும் அப்படி விளையாடியிருப்பார்கள். ஆகவே அந்த வெடிச்சத்தத்தைப் படம் முழுக்க ஓட விடுங்கள், கித்தா மரமே இல்லாத தாமான் வீட்டிலும் கேட்கட்டும். ஏன் கேட்கிறது என்பதைக் கடைசிக் கால்மணி நேரத்தில்தான் தங்கையோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

தகரக் கூரையில் மழை பெய்தால் வசனம் போச்சு. மழையை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொண்டு, வசனத்தை வேறு நாள் எடுங்கள். பாங்கு, கோயில் மணி, ஐஸ்கிரீம் மோட்டார் என்று ஊரின் சத்தங்களுக்கு ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் ஒரே காட்சியின் இரண்டு வெட்டுகளில் ஒன்றில் பாங்கு ஒலிக்கும், அடுத்ததில் இருக்காது. ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட வெறும் ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேனா தாளில் ஓடும் சத்தத்துக்கு, இழுப்பறை உள்ள பழைய மர மேசை நல்லது. இழுப்பறைக்குள் மைக்கை வைத்தால் எழுதும் சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போலக் கேட்கும்.

படி 8: நடிகர்கள், வெட்டு, திரையிடல்

முக்கிய நடிகரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் சரியாக இருப்பதைக் காட்ட முயலும் மனிதர். நடுங்கும் கையை மேசைக்கு அடியில் மறைப்பார், சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடுவார், வரவு செலவை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டுவார். தடுமாறுகிறவர் தடுமாற்றத்தை மறைக்கத்தான் பாடுபடுவார். துணைப் பாத்திரங்களுக்கு ஊர் ஆட்களையே போடுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், விஷயத்தைச் சொல்லி அவர்கள் பேச்சிலேயே பேச விடுங்கள்.

வெட்டும்போது முதல் வடிவத்தைக் கதை தெரியாத சிலரிடம் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்டுப் பயனில்லை. எந்த இடத்தில் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கினீர்கள், எந்த இடத்தில் ஊரைச் சந்தேகித்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது சந்தேகம் ஒரு முறைகூட வரவில்லை என்றால், படி 3 அட்டவணையின் மூன்றாம் பத்தியை மறுபடி பாருங்கள். விளக்கம் சொல்லும் காட்சி பெரும்பாலும் நீளமாக இருக்கும், பாதியாக்குங்கள்.

பொதுத் திரையிடலுக்கு முன் 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வாரியத்தின் அனுமதி வேண்டும். தற்கொலை, குடி, சமயச் சடங்கு வரும் காட்சிகளில் என்ன காட்டினீர்கள், ஏன் காட்டினீர்கள் என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். மலாய் வசனவரியை முதலிலேயே செய்துவிடுங்கள். தமிழில் எடுத்தால் இங்கே யார் பார்ப்பார்கள் என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது தமிழ் பேசும் ‘ஜகாட்’.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு திரையிடல் இருக்கிறது. யாருடைய நினைவுகளைக் கேட்டுக் கதை செய்தீர்களோ அவர்களைக் கூப்பிட்டு வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். ஒரு குடும்பத்துச் சாவு, ஒரு பழைய சண்டை, ஒருவருடைய குடி என்று ஏதாவது உள்ளே வந்திருக்கும். பெயரை மாற்றியிருந்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். யாராவது வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, அதன் பிறகு தணிக்கைக்கு அனுப்புங்கள்.